மின் நிறுவனப் பங்குகளும் ஈவுத்தொகையும்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பென்னாகரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பணிக்கொடையில் ஒரு பகுதியை மின்தொடர் நிறுவனப் பங்கில் (உயரழுத்தக் கம்பிவழி மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் நிறுவனம்) போட்டபோது நான் பார்த்தது ஒரே ஓர் எண்ணைத்தான். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பங்கு மூலதனத்துக்கு 15.5 சதவீத வருவாயை அனுமதித்திருக்கிறது என்று படித்தேன்; வைப்புநிதிக்கு ஏழரை கிடைக்கும் காலத்தில், ஆணையமே நிர்ணயித்த பதினைந்தரை என்றால் வேறென்ன வேண்டும் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். இலாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் ஈவுத்தொகை, அந்த ஆண்டில் கடைசியாக வந்த அன்று, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். போட்ட பணத்துக்கு நாலு சதவீதம்கூடத் தேறவில்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "மீதிப் பதினொன்றரையை யார் எடுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டார்.

யாரும் எடுக்கவில்லை. ஆணையம் ஏற்றுக்கொண்ட திட்டச் செலவில் 70 சதவீதம் கடன், 30 சதவீதம் பங்கு மூலதனம் என்று வகுத்து, அந்த 30-க்குத்தான் 15.5 கொடுக்கிறார்கள்; அதுவும் மின்கோபுரம் நட்ட காலத்துச் செலவுக்கு. நானோ புத்தக மதிப்பைப் போல, அதாவது நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு பங்குக்கு உள்ள மதிப்பைப் போல, இரண்டரை மடங்கு விலை கொடுத்து வாங்கியிருந்தேன். பதினைந்தரையை இரண்டரையால் வகுத்தால் ஆறே சொச்சம். அதிலும் ஏறத்தாழ அறுபது சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் புதிய தடங்களுக்கு நிறுவனம் வைத்துக்கொள்கிறது. முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் இந்த ஒரு வகுத்தலை வாங்குவதற்கு முன்பு போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. கோடையில் மின்தேவை ஏறுவதால் வரும் ஆண்டிலாவது ஈவுத்தொகை கூடும் என்று நம்பியிருக்கிறேன்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்

என்னுடையது சின்ன விஷயம்தான். ஈவுத்தொகைக்கான பதிவு நாள் (யார் யார் பங்குதாரர் என்று பட்டியல் எடுக்கும் நாள்) இன்றுதான் என்று காலை ஷிப்டுக்குப் போகும் பேருந்தில் படித்துவிட்டு, கேன்டீனில் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக 200 பங்கு வாங்கினேன். ஈவுத்தொகை வரவில்லை. 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறுநாளே தீர்வு, அதாவது வாங்கிய பங்கு மறுநாள் நம் கணக்கில் சேரும், என்றாகிவிட்டதால், பதிவு நாளுக்கு முதல் நாளே வாங்கியிருந்தால்தான் நம் பெயர் பட்டியலில் ஏறும் என்று பிறகு தெரிந்தது. ஒரே நாள் பிந்திப் பணத்தை விட்டுவிட்டேன்.

காவேரிப்பட்டணம்

ஓசூர் தம்பி எதையும் விடவில்லை. பதிவு நாளன்று காலையில் பொதுவாக அந்த ஈவுத்தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை தொடங்கும். முதல் நாளே வாங்கியிருந்தால் அதே தொகையைக் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள், வந்த ஈவுத்தொகைக்கு வரியும் கட்டியிருப்பீர்கள். 2020 ஏப்ரலிலிருந்து ஈவுத்தொகை நம் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. உண்மையில் விட்டவன் நான். மத்திய அரசின் மின்தொடர் நிறுவனமான பவர்கிரிட்டின் பங்கு என்னிடம் இருந்தது. ஒரு பங்குக்கான ஈவுத்தொகையை ஆண்டுவாரியாக எழுதி வைத்தபோது தொகை குறைந்துகொண்டே வருவதாகத் தெரிந்தது; மாங்காய்ப் பருவத்தில் மண்டிக்குப் பணமும் தேவைப்பட்டது, விற்றுவிட்டேன். 2021-லும் 2023-லும் மூன்று பங்குக்கு ஒரு பங்கு வீதம் இலவசமாகப் போனஸ் பங்கு கொடுத்ததில் 90 பங்கு 120 ஆகி, பிறகு 160 ஆகியிருந்தது. 90-க்கு வந்ததை 160-க்கு வந்ததோடு ஒப்பிடாமல், ஒற்றைப் பங்கை ஒற்றைப் பங்கோடு வைத்துப் பார்த்துவிட்டேன்.

நல்லம்பள்ளி, விவசாயி

ஆசிரியர் ஐயா கோடையை நம்ப வேண்டாம். மின்தொடர் நிறுவனத்துக்குக் கட்டணம் கிடைப்பது கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதற்காக அன்று. தடம் பயன்பாட்டுக்குத் தயாராக இருந்ததற்காக. மாறுமின் (ஏ.சி.) தடம் ஆண்டில் 98 சதவீத நேரம் தயாராக இருந்தால் முழுக் கட்டணமும் கிடைத்துவிடும். எங்கள் நிலத்தின் மேலேயும் உயரழுத்தக் கம்பி போகிறது. தூறல் விழும் நேரத்தில் அடியில் நின்றால் வண்டு மொய்ப்பதைப் போன்ற இரைச்சல் கேட்கும். அப்படி நின்றிருந்த ஒரு மாலையில்தான் கைபேசியில் ஈவுத்தொகைச் செய்தி வந்தது. கோபுரத்துக்காக நான்கு புளிய மரங்களை வெட்டினார்கள்; 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு நட்டதால் நிலம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது, எனக்குச் சேதத்துக்கு மட்டும் இழப்பீடு கொடுத்தார்கள். அந்த இழப்பீடும் திட்டச் செலவில் சேர்ந்து, அதில் முப்பது சதவீதம் பங்கு மூலதனமாகி, அதற்கும் ஆண்டுதோறும் வருவாய் கணக்கிடப்படுகிறது என்பது அந்த இரைச்சலுக்கு அடியில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டுப்பட்ட மரத்தின் பலனில் ஒரு துளி, பங்குதாரன் என்ற முறையில் எனக்கே திரும்பி வருகிறது. மகிழ்வதா வேண்டாமா என்று இன்றும் விளங்கவில்லை.

இனிமேல் வாங்குகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஈவுத்தொகை எத்தனை சதவீதம் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். ஆணையம் வருவாய் அனுமதிக்கும் பங்கு மூலதனம் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது வளராமல் ஈவுத்தொகை மட்டும் கூடினால் கையிருப்பைப் பிரித்துக் கொடுக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். அனுமதிக்கப்பட்ட விகிதம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வுக்கு வரும். 2024–29 காலத்துக்குப் பழைய தடங்களுக்கு 15.5 தொடர்ந்தாலும், புதிதாகச் செயல்பாட்டுக்கு வரும் மின்தொடர் தடங்களுக்கு 15 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், 2011-க்குப் பிறகு மாநிலங்களுக்கு இடையிலான புதிய தடங்கள் பெரும்பாலும் போட்டி ஏலத்தில் போகின்றன என்பது. அங்கே 15.5 என்ற பேச்சே இல்லை. 35 ஆண்டுக்குக் கேட்ட கட்டணம் எதுவோ அதுதான், எஃகு விலை ஏறினால் நிறுவனத்தின் பாடு. எனவே இலாபத்தில் எவ்வளவு பழைய முறையிலிருந்தும் எவ்வளவு ஏலத்திலிருந்தும் வருகிறது என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள். மாநில விநியோக நிறுவனங்களிடமிருந்து வரவேண்டிய நிலுவை எத்தனை நாள் நிற்கிறது என்றும் பாருங்கள். நம் ஈ.பி. பங்குச் சந்தையில் இல்லை என்றாலும், அது பணம் கட்டத் தாமதித்தால் அந்தப் பாரம் இந்தப் பங்கில்தான் வந்து விழும். பொதுத்துறை நிறுவனம் என்றால் ஈவுத்தொகைக்கு மத்திய அரசின் விதியும் உண்டு: 2024 நவம்பர் முதல் நிகர இலாபத்தில் 30 சதவீதம், அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மீதி) 4 சதவீதம், இவற்றில் எது கூடுதலோ அது குறைந்த அளவு. மூத்த குடிமக்களாக இருந்து வரி கட்டும் நிலை இல்லையென்றால் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை (முன்பு 15எச்) நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், ஈவுத்தொகை ஆண்டு வரம்பைத் தாண்டும்போது பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள்.

பென்னாகரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

நான் அறிவுரை கேட்டு எழுதவில்லை, ஐயா. ஆனாலும் கோடையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 15எச் கொடுக்காமல் விட்டதும் உண்மைதான். கணக்குத் தாக்கல் செய்து பிடித்த தொகையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். பங்கை விற்கவில்லை. கைபேசியில் செய்தி ஒலிக்கும்போதெல்லாம் "பதினைந்தரையா?" என்று அடுப்படியிலிருந்து கேள்வி வருகிறது.