நிக் ஆடம்ஸின் சொந்தக் குரல் எந்த டிஸ்கில் இருக்கிறது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஆஸ்கர் பரிந்துரை வரை போன அமெரிக்க நடிகர் நிக் ஆடம்ஸ், ஜப்பானின் டோஹோ நிறுவனத்துக்காக நடித்த இரண்டு அசுரப் படங்கள் 1965-இல் வெளிவந்தன. அதில் காட்ஸில்லா, ரோடான், மூன்று தலை கிடோரா வரும் படத்தில் விண்வெளி வீரர் கிளென் அவர்தான். நடிகை குமி மிசுனோவின் பாத்திரம் சாகும் முன் கிளென்னின் பாக்கெட்டில் ஒரு கடிதத்தைச் செருகுமே, அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

படப்பிடிப்பில் நிக் ஆங்கிலத்திலும், கூட நடித்தவர்கள் ஜப்பானிய மொழியிலும் பேசியிருக்கிறார்கள். ஜப்பானியப் பதிப்பில் அவருக்குக் குரல் கொடுத்தவர் கோரோ நாயா. நிக்கின் சொந்தக் குரல் ஆங்கிலப் பதிப்பில்தான் உண்டு. இரண்டு ஒலித்தடங்களும் சேர்ந்த புளூ-ரே யாரிடமாவது இருக்கிறதா? எங்கே வாங்கினீர்கள், இந்திய பிளேயரில் ஓடுகிறதா என்று தயவுசெய்து சொல்லுங்கள்.