நைனர்ஸ் குவாட்டர்பேக் வரிசை: மூன்றாவது இடம் யாருக்கு?

சான்டா கிளாராவிலிருந்து, தொடங்கிவைத்தவர்:

அமெரிக்கக் கால்பந்து அணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸின் குவாட்டர்பேக்குகளை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்களை) வரிசைப்படுத்தச் சொன்னால் முதல் இரண்டு பெயர்களில் தகராறு வருவதில்லை. ஜோ மொன்டானா, அடுத்து ஸ்டீவ் யங். 1979 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வு) மூன்றாம் சுற்றுவரை யாரும் எடுக்காமல் விட்டு, 82-ஆவது ஆளாக வந்தவர் மொன்டானா. நான்கு சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) ஆடி நான்கையும் ஜெயித்தார். அந்த நான்கு ஆட்டத்திலும் சேர்த்து 11 டச்டவுன் பாஸ் (எதிரணி எல்லைக்குள் சேர்ந்து புள்ளி தந்த எறிதல்), ஒரு இன்டர்செப்ஷன்கூட (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) இல்லை. 1989 ஜனவரியில் மயாமியில் சின்சினாட்டிக்கு எதிராக மூன்று புள்ளி பின்தங்கியிருந்தபோது, 3 நிமிடம் 10 நொடி மீதமிருக்க, பந்து சொந்த 8 யார்டு கோட்டில் கிடந்தது. அங்கிருந்து 92 யார்டு நகர்த்தி, 34 நொடி பாக்கியிருக்கும்போது ஜான் டெய்லருக்கு டச்டவுன் பாஸ் கொடுத்தார். இதற்கு மேல் என்ன வாதம்?

மூன்றாவது இடம் என்றதும்தான் பேச்சு சூடாகும். என் ஓட்டு ஜான் பிராடிக்கு. அணியின் இப்போதைய மைதானமான லீவைஸ் ஸ்டேடியம் பார்க்கிங்கில் ஆட்டத்துக்கு முன்னால் அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் கூட்டத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். சட்டையில் பிராடியின் 12-ஆம் எண். சுற்றியிருந்த இளைஞர்கள் எல்லாரும் இந்தத் தலைமுறைக் குவாட்டர்பேக் பிராக் பர்டி சட்டையில் நிற்க, இவர் மட்டும் சாயம் போன அந்தப் பழைய சட்டையில். பிராடியைப் பற்றிக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அணியின் பழைய மைதானமான கீசர் ஸ்டேடியத்தில் சொந்த ஊர் ரசிகர்களே பிராடியைக் கூச்சல் போட்டுத் திட்டுவார்களாம். வீரர்கள் உள்ளே போகும் வழியில் மேலிருந்து எறிவது தலையில் விழாதபடி கம்பி வலை போட்டிருந்ததாம். "அந்த வலைக்குக் கீழே நடந்து போய் மறு வாரமும் வந்து ஆடினான் பார், அதுதான் எனக்குப் பெரிசு" என்றார்.

பிராடி 1957 முதல் 1973 வரை 17 சீசன் இந்த ஒரே அணிக்கு ஆடியவர். 1970-இல் லீகின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்). 214 டச்டவுன் பாஸ், 224 இன்டர்செப்ஷன். இந்தக் கடைசி எண்ணைக் காட்டித்தான் பலர் அவரைக் கீழே தள்ளுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்து விதி வேறு. பந்து பிடிக்க ஓடுபவரைத் தடுப்பாட்டக்காரர் வழி நெடுகத் தள்ளலாம், மோதலாம். ஐந்து யார்டுக்கு மேல் தொடக்கூடாது என்ற விதி 1978-இல்தான் வந்தது. அதற்குள் பிராடி ஓய்வு பெற்றாயிற்று. 1970, 71, 72 என மூன்று சீசனும் பிளேஆஃபில் டல்லாஸிடமே தோற்றதுதான் அவரைப் பிடித்த சனி. அந்த மூன்றில் ஒன்று கைகூடியிருந்தால் இன்று இந்த வாதமே எழாது.

உங்கள் மூன்றாவது ஆள் யார்? நேரில் பார்த்ததையும், பார்த்தவர்களிடம் கேட்டதையும் எழுதுங்கள்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து:

எனக்கு ஜெஃப் கார்சியாதான். 2003 ஜனவரியில் ஜயன்ட்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தை கேண்டில்ஸ்டிக் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். மூன்றாம் கால் பகுதி முடியும் நேரத்தில் ஜயன்ட்ஸ் 38-14 முன்னிலை. எங்கள் வரிசையில் பாதிப் பேர் எழுந்து கார் எடுக்கப் போய்விட்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, "கில்ராய் பையன் விடமாட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கார்சியா பிறந்த ஊர் கில்ராய், நம் பக்கத்து ஊர்தானே.

அவர் விடவில்லை. ஓவன்ஸுக்கு ஒரு டச்டவுன். அப்புறம் தானே 14 யார்டு ஓடி ஒன்று. கடைசி நிமிடத்தில் டாய் ஸ்ட்ரீட்ஸுக்கு இன்னொன்று. 39-38. அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

டிராஃப்டில் யாரும் தொடாமல், கனடாவில் கால்கரி அணிக்கு ஆடிவிட்டு வந்தவர். யங் 1999-இல் தலையில் அடிபட்டு விலகிய இடத்தில் நிற்க வேண்டிய நிலை. அந்த அழுத்தத்தில் வரிசையாக மூன்று சீசன் புரோ பவுலுக்கு (லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டம்) போனார். பிராடியின் பொறுமையை மதிக்கிறேன், ஆனால் பிராடிக்கு அப்படியொரு நிழலில் ஆட வேண்டியிருக்கவில்லை.

சாக்ரமென்டோவிலிருந்து:

நிழல் என்றால், மொன்டானாவின் நிழலில் ஆடிய யங்கை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1987-இல் டாம்பாவிலிருந்து வந்து நான்கு வருடம் பெரும்பாலும் பெஞ்சில். 1992-இல் எம்விபி ஆன பிறகும் "மொன்டானா மாதிரி வருமா" என்ற பேச்சு ஓயவில்லை. என் முதல் மேலாளர் சொல்லித்தான் அவரது 1988 மினசோட்டா ஓட்டத்தைப் பழைய பதிவில் தேடிப் பார்த்தேன்: 49 யார்டு ஓட்டம், கடைசி ஐந்தாறு அடியில் கால் தடுக்கி, கிட்டத்தட்டத் தவழ்ந்தபடி கோட்டைத் தாண்டுகிறார். 1995 ஜனவரியில் சான் டியேகோவுக்கு எதிராக ஆறு டச்டவுன் பாஸ் போட்ட அன்று, முதுகில் உட்கார்ந்திருக்கும் குரங்கை, அதாவது அந்தப் பேச்சின் பாரத்தை, பிடுங்கி எறியச் சொல்லி சக வீரரிடம் முதுகைக் காட்டினாரே, அதைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லாரும் கைதட்டினோம். மனசு கேட்கவில்லை, நான் யங்கை முதலிடத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். மொன்டானாவுக்குக் கீழே, ஆனால் ஒரு மயிரிழைதான்.

மூன்றாவது பிராடி. தொடங்கிவைத்தவர் சொன்ன 1978 விதிக் கணக்கு சரியானதுதான். இன்னொரு குவாட்டர்பேக் கேப்பர்னிக் 2013 ஜனவரியில் கிரீன் பே அணிக்கு எதிராக 181 யார்டு ஓடிய இரவை மறக்க முடியாது. தனி ஆட்டம் என்று பார்த்தால் மேலே வைப்பேன், ஆனால் வரிசைக்கு அது போதாது. நான்காவது கார்சியா.

பர்டியை இப்போது எங்கே வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். 262-ஆவது, அதாவது 2022 டிராஃப்டின் கடைசி ஆள். டெட்ராய்ட்டுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 24-7 பின்தங்கி, 34-31 ஜெயித்து அணியை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். அங்கே கூடுதல் நேரத்தில் கேன்சஸ் சிட்டியிடம் 25-22 தோல்வி. ஐந்தாவதாக நான் வைக்கும் பழைய குவாட்டர்பேக் டிட்டிலுக்கு மேலே வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆறாவது இடம் கொடுத்திருக்கிறேன், இன்னும் சில சீசன் பார்த்துவிட்டு மாற்றுவேன்.