சாக் கொடுத்தும் இரண்டாவது ஓட்டை ஒரு சுற்று தாமதமாகவே நிரம்புகிறது, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். லினக்ஸில் டிசிபி அனுப்பும் பக்கம் சாக்கை (இடையில் சில தொலைந்தாலும் எந்தெந்தப் பைட்டுகள் வந்துவிட்டன என்று பெறுபவர் ஆக்கோடு சொல்லும் ஆப்ஷன்) எப்படிக் கையாள்கிறது என்று பாக்கெட்ட்ரில் (பாக்கெட்டுகளை ஊட்டி டிசிபியைச் சோதிக்கும் கருவி) ஸ்கிரிப்ட் எழுதிச் சோதிக்கிறேன். எம்எஸ்எஸ் (ஒரு செக்மென்டின் உச்ச அளவு) 1000 பைட், பத்து செக்மென்ட். 1:1001, 3001:4001 (தொடக்கம்:முடிவு என்ற பைட் எண்கள்) இரண்டும் தொலைந்த ஓட்டைகளாக வைத்து, வந்து சேர்ந்த மற்றவற்றுக்கு ஐந்து டூப்ளிகேட் ஆக் (அதே எண்ணைத் திரும்பச் சொல்லும் ஒப்புகை) ஊட்டுகிறேன். கடைசி ஆக் இப்படி:

ஆக் 1, சாக் 4001:7001 1001:3001

மூன்றாவது ஆக்கிலேயே 1:1001 மறுபடி போகிறது. 3001:4001 மட்டும் நகரவே இல்லை. ஆக் 3001 கொடுத்த பிறகுதான் போகிறது. டிசிபி_சாக் (சாக்கை இயக்கும் சிஸ்டம் அமைப்பு) 1 என்றுதான் இருக்கிறது. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

மறுமொழி:
ஒரு சுற்றுக்கு ஒரு ஓட்டைதான் அடைபடுகிறது என்றால் அது நியூரீனோ (சாக் இல்லாதபோது தொலைந்ததை மீட்கும் முறை). கர்னல் உங்கள் சாக்கைப் படிக்கவே இல்லை. ஸ்கிரிப்டில் உள்ள சின் (இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்) வரியை இங்கே போடுங்கள்.

கேட்டவர்:
எம்எஸ்எஸ் 1000, நாப், வின்டோஸ்கேல் 7. அவ்வளவுதான்.

மறுமொழி:
சாக்ஓகே (சாக்குக்கு அனுமதி தரும் ஆப்ஷன்) எங்கே? சின்னில் அந்த இரண்டு பைட் ஆப்ஷன் வராவிட்டால், பின்னால் எத்தனை சாக் வந்தாலும் கர்னல் ஒதுக்கிவிடும். வெறும் டூப்ளிகேட் ஆக்காகத்தான் எண்ணும். டிசிபி_சாக் அமைப்பு இந்தப் பக்கத்துச் சம்மதம் மட்டுமே. சின்னில் சேர்த்ததும், எதிர்பார்க்கும் சின்-ஆக் வரியிலும் சேருங்கள்.

கேட்டவர்:
சேர்த்தேன், இரண்டும் ஒரே சுற்றில் போகின்றன! மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். ஐந்து ஆக்கையும் எடுத்துவிட்டு அந்தக் கடைசி ஆக்கை மட்டும் கொடுத்தால், அந்த ஒன்றுக்கே மறுபடி அனுப்புகிறது. மூன்று டூப்ளிகேட் ஆக் வரும்வரை காத்திருக்க வேண்டாமா?

மறுமொழி:
வேண்டாம், அது சரியான நடத்தைதான். சாக் இருக்கும்போது எண்ண வேண்டியது ஆக்குகளை அல்ல, ஓட்டைக்கு மேலே சேர்ந்த பைட்டுகளை. 2012இல் வந்த ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 6675 படி, இரண்டு செக்மென்ட் அளவைத் தாண்டி மேலே சாக் ஆகிவிட்டால் கீழே உள்ளது தொலைந்ததாகக் கொள்ளலாம். 3001:4001க்கு மேலே 3000 பைட் இருக்கிறதே. இன்றைய லினக்ஸ் நேரத்தை வைத்துக் கணிக்கும் ராக் முறையில் ஓடினாலும், மூன்று செக்மென்ட் சாக் ஆனதும் காத்திராமல் இதே முடிவுக்கு வரும்.

மற்றொருவர்:
ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் இதில் நிறைய நேரம் இழந்திருக்கிறேன். 1:1001 நிரம்பியதும் ஆக் 1001 என்று எழுதிவிடாதீர்கள், 3001 என்றே இருக்கட்டும். 1001:3001 ஏற்கெனவே சாக் ஆனது. ஆக் அதன் வாசலிலேயே நின்றால், பெற்றவர் வாங்கியதைக் கீழே போட்டுவிட்டார் என்று கர்னல் எடுத்துக்கொள்ளும். ஆர்எஃப்சி 2018 அதற்கு இடம் தருகிறது; அதனால்தான் சாக் ஆன டேட்டாவையும், முறையான ஆக் வரும்வரை அனுப்பியவர் பஃபரிலிருந்து நீக்கக் கூடாது. அதையும் சோதிக்க விரும்பினால் தனி ஸ்கிரிப்டாக எழுதுங்கள்.