கலைச்சொல்: தரவுக் கேபிளிலேயே போகும் மின்சாரத்துக்கு ‘உடன்மின்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கிக் கூடம் அமைப்போருக்கான நம் கையேட்டில், கணினிக்கு மின்சாரம் தரும் பகுதி ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் ஈதர்நெட் கேபிள் ஒன்றிலேயே தரவும் மின்சாரமும் போகும் முறையை ஆங்கிலத்தில் பிஓஇ என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். நம்மிடம் வந்திருப்பவை ‘ஈதர்நெட் வழி மின்வழங்கல்’, ‘வலைமின்’, ‘தரவுமின்’. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வடதுருவ விண்மீன் தொடுவானுக்கு மேல் ஏறக்குறைய ஐந்து பாகை உயரத்தில்தான் நிற்கும். செம்பனை வரிசை ஒன்று போதும், அதை மறைத்துவிட. எனவே தொலைநோக்கியின் அச்சைத் துருவத்துக்கு நேராக்க, கேமரா எடுத்த படத்தைக் கணினி விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. யுஎஸ்பி 2 கேபிளுக்கு ஐந்து மீட்டர்தான் வரம்பு. ஆகவே கணினியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு கேமராவை மட்டும் வெளியே வைக்க முடியாது. கணினியும் கூடத்துக்குள் போயாக வேண்டும்.

கூடம் வீட்டிலிருந்து இருபது மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். வீட்டிலிருந்தே 12 வோல்ட் அனுப்பினால், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போகவர நாற்பது மீட்டருக்குத் தடை ஏறக்குறைய அரை ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 2.4 வோல்ட் வழியிலேயே தொலைந்து, கூடத்தில் 9.6 வோல்ட் மிஞ்சும். அதை நம்பித் தொலைநோக்கியின் மோட்டாரை ஓட்டுவது விவேகமன்று. 230 வோல்ட்டையே கொண்டுபோனால் இந்தக் கவலை இல்லை. ஆனால் ஈரப் புல்தரை, தகரக் கூரை, வெறுங்காலோடு இருட்டில் நடமாடும் நாம். உரிமம் பெற்ற வயர்மேனும் கசிவு கண்டால் துண்டிக்கும் காப்பும் இல்லாமல் அதை நினைத்தே பார்க்கக் கூடாது.

இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் ஈதர்நெட் கேபிளில் 48 வோல்ட் அனுப்பும் இந்த பிஓஇ முறை. 25 வாட் கேட்கும் சிறு கணினிக்கு அரை ஆம்பியர் அளவே ஓடுகிறது. அதே இருபது மீட்டரில் வீழ்ச்சி ஒரு வோல்ட்டைச் சுற்றித்தான். தரவுக்குத் தனிக் கம்பி இழுக்கவும் வேண்டாம். ஒன்றை மட்டும் கையேட்டில் ஒளிக்காமல் எழுத வேண்டும்: குளிரூட்டிய கேமராவையும் பனி படியாமல் காக்கும் சூடேற்றிப் பட்டைகளையும் இதே கேபிளில் தொங்கவிட்டால் 25 வாட் பற்றாது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘வலைமின்’ அழகுதான். ஆனால் ‘மின்வலை’ என்று நாட்டின் மின்கட்டமைப்பைக் குறிப்பவர்கள் இருக்கிறார்கள்; முன்பின் மாறினால் ஒருவர் கொல்லைக் கேபிளைப் பேச, மற்றவர் உயரழுத்தக் கோபுரத்தைப் பேசுவார். ‘தரவுமின்’ என்றால் தரவே மின்சாரமாக மாறுவது போல் ஒலிக்கிறது. ‘ஈதர்நெட் வழி மின்வழங்கல்’ பிழையற்றது. பெட்டி மீது ஒட்டவும் முடியாது, வாயில் நிற்கவும் நிற்காது.

என் முன்மொழிவு ‘உடன்மின்’. தரவோடு உடன் செல்லும் மின்சாரம். மின்கம்பியில் தரவை ஏற்றி அனுப்பும் எதிர் முறையும் இருக்கிறதே, அதை ‘உடன்தரவு’ என்றால் இணை பொருந்திவிடும். மின்சாரத்தைச் சேர்த்துவிடும் பெட்டி ‘மின்சேர்ப்பி’, கூடத்தில் பிரித்தெடுப்பது ‘மின்பிரிப்பி’. சேர்ப்பியை ‘ஏற்றி’ என்று சொல்ல வேண்டாம். மின்னேற்றி ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து

----

அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். ‘உடன்மின்’ என்று என் வீட்டில் வாய்விட்டுப் படித்தேன். பெரியவர், “உடனே வரும் மின்சாரமா?” என்று கேட்டார். இதற்கு விடை வேண்டும்.

இரண்டாவது விஷயம் பெரியது. நாங்கள் கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்துகிறோம். இந்த முறை எங்களுக்கு அன்றாடச் சோறு. சந்தையில் இரண்டு வகை கலந்து கிடக்கின்றன. தரப்படுத்திய வகை, கேபிளின் மறுமுனையில் 25 கிலோஓம் அளவிலான அடையாளத் தடை இருக்கிறதா என்று முதலில் 10 வோல்ட் அளவுக்குள் மெல்லத் தொட்டுப் பார்க்கும். இருந்தால்தான் 48 வோல்ட்டைத் திறக்கும். இன்னொரு வகை எதையும் விசாரிக்காது; செருகியவுடன் மின்சாரம் பாயும். மறுமுனையில் சாதாரண மடிக்கணினியைச் செருகினால் அதன் கதி அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்குப் ‘பேசிவ்’ என்று பெயர். நம் வரைவுப் பட்டியலில் யாரோ இதைச் ‘செயலற்ற மின்வழங்கல்’ என்று போட்டிருக்கிறார்கள். பெட்டியில் ‘செயலற்ற’ என்று எழுதியிருந்தால் எங்கள் பையன்கள் மின்சாரம் இல்லை என்று நினைத்துத்தான் கை வைப்பார்கள். தயவுசெய்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

சுங்கை பட்டாணியிலிருந்து

----

அன்புத் தங்கைக்கு,

வணக்கம். பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் உடன்பிறப்பு, உடன்படிக்கை, உடன்பாடு ஆகியவற்றில் எதையும் நாம் அவசரமாகப் படிப்பதில்லை. விரைவைச் சொல்லும்போது ‘உடனே’, ‘உடனடி’ என்று நீட்டிவிடுகிறோம். பெயரோடு ஒட்டி முன்னே நிற்கும் ‘உடன்’ பெரும்பாலும் சேர்க்கையைத்தான் காட்டுகிறது. முதல்முறை தயங்குவார்கள், பிறகு பழகும். ‘கணினி’ வந்த புதிதில் ‘கணிப்பொறி’க்காரர்கள் முகம் சுளிக்கவில்லையா?

‘செயலற்ற’ இன்றே நீங்குகிறது. இப்படிப்பட்ட இடத்தில் அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பது ஆளைக் கொல்லாவிட்டாலும் கருவியைக் கொல்லும். நீங்கள் எழுதிய ‘விசாரிக்காது’ என்பதிலேயே சொல் இருக்கிறது: ‘கேளா உடன்மின்’. கேட்காமலே கொடுப்பது. தரப்படுத்திய வகைக்கு அடைமொழி வேண்டாம், வெறும் ‘உடன்மின்’ போதும். ஆபத்தான வகைதான் பெயரிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

கேபிளில் மின்சாரத்தைத் தரும் முனைக்குத் ‘தருமுனை’, அதைப் பெறும் கருவியின் முனைக்குப் ‘பெறுமுனை’ என்ற இரண்டையும் பட்டியலில் சேர்க்கிறேன். 2003-இல் வந்த முதல் தரநிலையில் தருமுனை 15.4 வாட், பெறுமுனை 12.95 வாட். 2009-இல் 30, 25.5. 2018-இல் உச்சம் 90, 71.3. விற்பவர் பெரிய எண்ணைத்தான் பெட்டியில் அச்சிடுவார். கணினிக்குக் கிடைப்பதோ சின்ன எண். இந்தச் சொல் இணை இல்லாமல் அந்த வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் ஒரு பத்தியில் விளக்க வேண்டியிருக்கும்.

இடியைப் பற்றியும் ஒரு பதிவு தேவை. உடன்மின் கருவிகளில் இருக்கும் 1500 வோல்ட் மின்காப்பு நம் நாட்டு மின்னலுக்கு முன் ஒன்றுமில்லை. கேபிளை மண்ணுக்குள் புதைத்தாலும் அது செம்புதான். அருகில் விழும் மின்னல் அதன் வழியே வீட்டுக்குள் வரும். தரவுக்கு ஒளியிழை போட்டால் அந்த வழி அடைபடும், ஆனால் கண்ணாடியில் உடன்மின் போகாது. கூடத்திலேயே மின்கலமும் சூரியத் தகடும் வைத்துக்கொள்ள வேண்டும். கேபிளில் ஒட்டும் சீட்டுக்கு இந்த வாசகம் போதும் என்று நினைக்கிறேன்: ‘உடன்மின் 48 வோல்ட். வேலை முடிந்ததும் இரு முனையும் கழற்றுக.’

‘மின்பிரிப்பி’யா ‘மின்பிரிப்பான்’ஆ என்பதைப் பந்திங் ஆசிரியர் ஐயா முடிவு செய்யட்டும். எனக்கு ‘பிரிப்பி’ சுருக்கமாகப் படுகிறது. பையன்கள் எதைச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள், தங்கையே.

சுங்கை சிப்புட்டிலிருந்து