தம்பியின் பேச்சு அச்சமாக இருக்கிறது

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய நாள்முதல் என் தம்பியின் ஆட்டோ முற்றத்திலேயே நிற்கிறது. லீசிங் தவணையும் நுண்கடனும் கட்டமுடியாத நிலையில் இரவெல்லாம் திண்ணையில் விழித்திருக்கும் அவன், நேற்றுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும், அக்கா" என்றான். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே ஊட்டியதாகிவிடுமோ?

பதில் (கல்லடி, ஓய்வுபெற்ற தாதி):
ஆகாது, மகள். தற்கொலை எண்ணம் உண்டா என்று அன்போடு கேட்பது அதை விதைப்பதில்லை. பலருக்கு அந்தக் கேள்வியே மூச்சுவிட இடம் தருகிறது. இன்றே கேளுங்கள். பதில் "ஆம்" என்றால் அவரைத் தனியே விடாமல், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். அருகிலுள்ள வைத்தியசாலைக்கும் கூட்டிச் செல்லுங்கள். ஊரடங்கிலும் வைத்தியசாலைகள் மூடப்படவில்லை.

பதில் (அக்கரைப்பற்று):
வீட்டில் வயலுக்கு வாங்கிய கிருமிநாசினி (பூச்சிகொல்லி) இருந்தால் இன்றே வேறோர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். அவற்றில் கடும் நச்சு வகைகள் 1995இல் தடைசெய்யப்பட்ட பின்னர் இலங்கையில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன என்பதால், இதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. முச்சக்கரவண்டி லீசிங்கிற்கு 2020 மார்ச்சில் அரசு அறிவித்த ஆறு மாதச் சலுகைக் காலத்தைப் பற்றியும் தம்பியிடம் சொல்லுங்கள்.

கேட்டவர்:
கேட்டேன். வெகுநேரம் அழுதான். 1926இல் இருவருமாகப் பேசினோம். காலையில் வைத்தியசாலைக்குப் போகிறோம்.