சுவான்சோ நகரில் வளரப்போகும் பத்து வயதுக் குழந்தை: அங்கே வாழ்ந்தவர்கள் வழிகாட்டுங்கள்

கேள்வி (தெற்குமாசி வீதி வாசகர்):
என் தங்கையின் குடும்பம் கல் வணிகம் தொடர்பான வேலைக்காக, வரும் ஆவணியில் சீனாவின் சுவான்சோ நகருக்குக் குடிபெயர்கிறது. அவளுடைய மகள், கோபுரத்தைப் பார்த்துத் திசை அறிந்து, சித்திரைத் திருவிழாவை வைத்து ஆண்டைக் கணக்கிட்டு வளர்ந்தவள். இவள் ஊரையே இழந்துவிடுவாளோ என்று தங்கை கலங்குகிறாள். அதுவும் பழைமையான நகரம் என்று கேள்விப்பட்டேன். அங்கே வளர்ந்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி (மேலூர்ப் பெண்):
ஐயா, எட்டு வயது முதல் பதினாறு வயது வரை நான் அங்கேதான் வளர்ந்தேன். மதுரைக் குழந்தைக்குக் கோபுரம் எதுவோ, அந்நகரக் குழந்தைக்குக் கையுவான் கோயிலின் இரட்டைக் கற்கோபுரங்கள் அதுவே. 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அவை நாற்பது மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. பழைய நகரத்தின் மேற்குத் தெருவில் நின்றால், கூரைகளுக்கு மேல் அவை தெரியும். வழி தவறினால் அண்ணாந்து பார்ப்போம்.

அந்தப் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு கற்றூண்கள் உள்ளன. முதன்முறை சென்றபோது என் தந்தை என்னைத் தூக்கிக் காட்டினார். அதில் இருந்தவன் கண்ணன். மொழி புரியாமல் பள்ளியில் வாய் திறக்காதிருந்த நாள்கள் அவை. மீனாட்சியம்மன் கோயில் தூணில் பார்த்துப் பழகியவனை அங்கே கண்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இன்றும் முழுமையாகச் சொல்ல வரவில்லை. பிறகு சீனத் தோழிகளை அழைத்துச் சென்று, அவன் வெண்ணெய் திருடிய கதையை அரைகுறை மொழியில் சொன்னேன்.

என் தாயாருக்கு ஆறுதல் தந்தவர்கள் சுன்பு என்னும் மீனவர் ஊர்ப் பெண்கள். கொண்டையைச் சுற்றிப் பூச்சரங்களை வட்டமாகச் சூடிக்கொண்டு மீன் விற்க வருவார்கள். தலையில் பூ வைக்கும் ஊர் நமக்கு அந்நியமாகாது என்பார் அம்மா.

ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: பள்ளியில் பொதுச்சீனம், தெருவில் முதியவர்கள் பேசுவது மின்னான். இரண்டும் வேறு வேறு மொழிகள் போலவே ஒலிக்கும். குழந்தை முதல் ஆண்டு திணறினால் கடிந்துகொள்ள வேண்டாம்.

மறுமொழி (ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர், திருமங்கலம்):
அந்தத் தூண்கள் அங்கே வந்த வரலாற்றையும் குழந்தைக்குச் சொல்லியனுப்புங்கள். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில், சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் ஆட்சியில் இருந்த அந்தத் துறைமுகத்தில் நம் வணிகர்கள் குடியிருந்தார்கள். 1281ஆம் ஆண்டு சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலத்துக்காக அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் கடைசி வரி சீன எழுத்தில் உள்ளது. பின்னாளில் அக்கோயில் அழிந்து, அதன் கற்களில் சில மிங் அரச மரபினர் காலத் திருப்பணியின்போது கையுவான் கோயிலுக்குள் சேர்ந்தன. நம் ஊரிலும் 1840களில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தே வெளி வீதிகள் எழுந்தன. பழைய நகரத்தின் கற்கள் இப்படித்தான் இடம் மாறுகின்றன. சுவான்சோவின் பழைய துறைமுகச் சின்னங்களை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட லோயாங் பாலத்தையும் அவள் பார்க்க வேண்டும். அலையில் அடித்தளக் கற்கள் நகராதிருக்க, அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்துப் பிணைத்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோதெல்லாம் மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு முடிவே இருந்ததில்லை.

மறுமொழி (திருப்பரங்குன்றம் வாசகி):
மேலே உள்ளவர்கள் சொன்னவை அருமை. ஆனால் பத்து வயதுக் குழந்தையிடம் எல்லாவற்றிலும் மதுரையைத் தேடச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. 1009ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கற்பள்ளிவாசலும் விளக்குத் திருவிழாவும் அந்த நகரத்துக்கே உரியவை. அவற்றை அவள் தன் தோழிகளோடு தானே கண்டுகொள்ளட்டும்.

மறுமொழி (மேலூர்ப் பெண்):
அக்கா சொல்வது சரியே. அந்த விளக்குத் திருவிழா சீனப் புத்தாண்டின் முதல் பௌர்ணமியில் வருவது. சில ஆண்டுகளில் அதே இரவு நம் தெப்பத் திருவிழாவும் நடக்கும். நான் வளர்ந்த பிறகே அதைக் கவனித்தேன்.

விடுபட்ட செய்தி ஒன்று: அந்நகரத்தின் மலர் சுதோங். அரேபிய வணிகர்கள் நகரத்தை சைத்தூன் என்று அழைத்ததும் அம்மரத்தின் பெயரால்தான் என்பார்கள். அது நம் கல்யாண முருங்கை.

மறுமொழி (தெற்குமாசி வீதி வாசகர்):
அனைவருக்கும் நன்றி. எங்கள் கொல்லை வேலியில் கல்யாண முருங்கை நிற்கிறது. குழந்தைக்குச் சளி பிடித்தால் தங்கை அதன் இலையில்தான் அடை சுடுவாள். இன்று மாலை இருவரையும் அழைத்து இதைப் படித்துக் காட்டப் போகிறேன்.