அடிப்படைக் கணக்கில் வரும் வட்டிக்காக வங்கி மாறலாமா?

இளவேனில்:
சம்பளம் வந்து விழுகிற என் கணக்குக்கு வட்டி கிடையாது, கட்டணமும் கிடையாது. இப்போது வேறொரு வங்கி, ஆண்டுக்கு 3 சதவீத வட்டி தரும் சாதாரணக் கணக்கைத் திறக்கச் சொல்கிறது. மாதக் கட்டணம் 50. இருப்பு 10,000-க்குக் கீழே போனால் அந்த மாதத்துக்கு 250 அபராதம். என் சம்பளம் 60,000. மாதக் கடைசியில் கணக்கைத் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். மாறலாமா? ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம், அதனால் நாணயம் எதுவும் போடவில்லை. எண்களை மட்டும் பாருங்கள்.

பழைய_கவுன்டர்:
மாறாதீர்கள். 22 வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் தேதி 60,000 வருகிறது, முப்பதாம் தேதிக்குள் சீராகக் கரைகிறது என்றால் சராசரி இருப்பு 30,000. அதற்கு 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 900, மாதத்துக்கு 75. கட்டணம் 50 போக மிச்சம் 25. ஒரே ஒரு மாதம் அபராதம் விழுந்தாலும் பத்து மாத ஆதாயம் போச்சு. நீங்களோ ஒவ்வொரு மாதமும் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும் என்கிறீர்கள். அப்படியானால் வட்டி வரவு வைத்த பிறகும் மாதாமாதம் 225 உங்கள் கையிலிருந்துதான் போகும்.

இன்னொன்று. வட்டியைத் தினசரி இருப்புக்குப் போடுகிறார்களா, அந்த மாதத்தின் குறைந்தபட்ச இருப்புக்குப் போடுகிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது முறை என்றால் உங்களுக்கு அந்த 75-ம் இல்லை. 29 நாள் பணம் கிடந்தாலும், முப்பதாவது நாள் மிஞ்சிய தொகைக்குத்தான் வட்டி. விளம்பரத்தில் 3 சதவீதம் என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த விவரம் கட்டண அட்டவணையின் நான்காம் பக்கத்தில் இருக்கும்.

மருதன்:
ஐயா போட்ட கணக்கு சரி. ஆனால் "மாறாதீர்கள்" என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நாம் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. கடன் கொடுத்து வட்டி வாங்குகிறது. அதில் ஒரு பங்கு நமக்கு வருவது சலுகை இல்லை, நமக்குச் சேர வேண்டியது. "அற்பத் தொகை, விட்டுத்தள்ளு" என்று சொல்லிச் சொல்லித்தான் சாதாரண ஜனங்கள் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

என் அம்மா விஷயத்தைச் சொல்கிறேன். அப்பா இறந்ததும் காப்பீட்டுப் பணம் 1,00,000 வந்தது. வட்டியே இல்லாத ஒரு கணக்கில் அது ஒன்பது வருடம் கிடந்தது. அம்மா அதைத் தொடவே இல்லை. வங்கியிலும் யாரும் "அம்மா, இதை வேறு கணக்கில் போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 3 சதவீதக் கூட்டுவட்டியில் அது 1,30,477 ஆகியிருக்கும். ஸ்டேட்மென்டில் ஒன்பது வருடமும் ஒரே எண், 1,00,000. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். முப்பதாயிரம் அம்மாவுக்கு அற்பம் இல்லை.

பழைய_கவுன்டர்:
அம்மாவுக்கு நடந்தது அநியாயம்தான் தம்பி. அதைச் சொல்லியிருக்க வேண்டியது எங்களைப் போன்றவர்களின் வேலை. ஆனால் அது ஒன்பது வருடம் கிடையாகக் கிடந்த பணம். இளவேனிலுடையது மாதாமாதம் ஓடுகிற பணம். இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது.

கயல்:
எனக்கு இரண்டு பேர் பேச்சிலும் விட்டுப்போனதாகத் தோன்றுவது விலைவாசி. வட்டி 3, விலையேற்றம் 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் கழித்து 1,00,000 என்பது 1,03,000 ஆகும். ஆனால் இன்று 1,00,000-க்கு வாங்குவதை அப்போது வாங்க 1,05,000 வேண்டும். வட்டி வந்தும் நஷ்டம். அப்புறம் பல நாடுகளில் இந்த வட்டிக்கு வருமான வரியும் உண்டு.

ஆகவே இதைச் சேமிப்பு என்று நினைப்பதே ஆபத்து. வட்டி வருகிறதே என்ற நிம்மதியில் பணத்தை அங்கேயே விட்டுவிடுவோம்.

மருதன்:
> வட்டி வந்தும் நஷ்டம்

அதே கணக்கை வட்டி இல்லாமலும் போட்டுப் பாருங்கள் கயல். வட்டியோடு, பணத்தின் வாங்கும் சக்தி சுமார் 1.9 சதவீதம் குறைகிறது. வட்டி இல்லாவிட்டால் சுமார் 4.8 சதவீதம். ஓட்டைப் பானையில் சின்ன ஓட்டையும் பெரிய ஓட்டையும் ஒன்றா? அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை ஐந்து வருட வைப்பில் பூட்டவும் முடியாது, பங்குச் சந்தையில் போடவும் முடியாது. எங்கேயாவது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

பழைய_கவுன்டர்:
அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். கேட்டவுடன் எடுக்கக்கூடிய கணக்குகளுக்கு வட்டி தரக்கூடாது என்று 1933-இல் சட்டமே போட்டார்கள். வங்கிகள் வட்டிப் போட்டியில் இறங்கி, அதை ஈடுகட்ட ஆபத்தான கடன்களைக் கொடுத்துவிடும் என்ற பயம். 1972-இல் மாசசூசெட்ஸில் சேமிப்பு வங்கிகள் இதற்குச் சுற்றுவழி கண்டுபிடித்தன. 1980-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு தனிநபர்களுக்கு நாடு முழுக்க வட்டிக் கணக்கு கிடைத்தது. வணிக நிறுவனங்களுக்கு 2011 வரை தடை நீடித்தது.

இதில் நான் பார்ப்பது ஒன்றுதான். வட்டிக்குத் தடையும் உச்சவரம்பும் இருந்த காலத்தில் வங்கிகள் டோஸ்டர் மாதிரிப் பரிசுகள் கொடுத்தும், சேவைகளை இலவசமாகச் செய்தும் ஆட்களை இழுத்தன. இன்று வட்டியைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டணத்தில் பிடுங்குகிறார்கள். கொடுக்கிற பெயர் மாறும், மொத்தத்தைப் பாருங்கள்.

அதைவிட எனக்கு மனது கேட்காத விஷயம் இன்னொன்று உண்டு. அபராதம் கட்டுகிறவர் யார்? இருப்பு இல்லாதவர். வட்டி வாங்குகிறவர் யார்? இருப்பு உள்ளவர். மாத வட்டி 11, அதன் கீழ் வரியிலேயே அபராதம் 250 என்று அச்சான தாளைக் கவுன்டர் வழியாக எத்தனை பேரிடம் நீட்டியிருக்கிறேன். ஒரு பெரியவர் அந்த இரண்டு வரியையும் விரலால் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மருதன்:
அதற்குக் காரணம் அபராதம், வட்டி இல்லையே ஐயா. கட்டணமும் அபராதமும் இல்லாத வட்டிக் கணக்கைக் கேளுங்கள் என்றுதான் நாம் சொல்ல வேண்டும். வட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வங்கிக்குத்தான் கொண்டாட்டம்.

கயல்:
அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இருக்கிற கணக்குகளில்தானே இளவேனில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? "மாதாமாதம் கூட்டுவட்டி" என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். 1,00,000-க்கு 3 சதவீதத்தை மாதக் கூட்டுவட்டியாகப் போட்டால் ஆண்டுக்கு 3,042. ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் 3,000. வித்தியாசம் 42. கட்டணம்தான் பெரிய எண். மாதம் 50 கட்டணத்தை வட்டியிலேயே ஈடுகட்ட, 3 சதவீதத்தில் சராசரி 20,000 இருக்க வேண்டும். 1 சதவீதமாகக் குறைத்துவிட்டால் 60,000 வேண்டும். வட்டியை வங்கி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2014-இல் ஐரோப்பிய மத்திய வங்கி தன்னிடம் வங்கிகள் வைக்கும் வைப்புக்கான வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கியது. பிறகு பெரிய தொகை வைத்திருந்த சில வாடிக்கையாளர்களிடம் வங்கிகள் பணம் வாங்கிக்கொண்ட கதையும் நடந்தது.

இளவேனில்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு 12 மாத ஸ்டேட்மென்டை எடுத்துப் பென்சிலால் ஒவ்வொரு மாதத்தின் குறைந்தபட்ச இருப்பையும் வட்டமிட்டேன். நான் நினைத்ததுபோல் இல்லை. ஒன்பது மாதம் 14,000-க்குக் கீழே இறங்கவே இல்லை. காப்பீட்டுத் தவணையும் கல்விக் கட்டணமும் கட்டிய மூன்று மாதங்களில் மட்டும் 2,000-க்கு வந்திருக்கிறது. சராசரி இருப்பு சுமார் 41,000.

புதுக் கணக்கில் இருந்திருந்தால் வட்டி 1,230. கட்டணம் 600, மூன்று அபராதம் 750. ஆக 120 நஷ்டம். அபராதம் விழாமல் பார்த்துக்கொண்டால் 630 லாபம்.

மருதன்:
பார்த்தீர்களா, மூன்றே மாதம்தான். தவணையை மாதாமாதமாகப் பிரித்துக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 630 உங்களுடையது.

பழைய_கவுன்டர்:
பிரித்துக் கட்டினால் காப்பீட்டில் கூடுதலாகக் கேட்பார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இளவேனில்:
கேட்டேன், ஐயா சொன்னதுபோல் கூடுதல்தான். 630-இல் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். ஆனால் மருதன் அண்ணா சொன்னதும் மனதில் நின்றது. இப்போதுள்ள வங்கியிலேயே கட்டணமும் அபராதமும் இல்லாத சேமிப்புக் கணக்கு ஒன்று இருக்கிறதாம். 2.5 சதவீதம், தினசரி இருப்புக்கு வட்டி. நான் கேட்கும்வரை யாரும் சொன்னதில்லை. சம்பளக் கணக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். சும்மா கிடக்கும் 12,000-ஐ அதில் போட்டுவிட்டு, அந்த மூன்று மாதங்களில் மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஒன்பது மாதத்துக்கு 225 வரும்.

பழைய_கவுன்டர்:
திறக்கும்போது அந்த 2.5 அறிமுகச் சலுகையா, நிரந்தர விகிதமா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.